ஊசி போட்டாச்சு, சோறு வைக்கலை

பேட்டையில், லேத்துப் பட்டறையில் இருந்தவர்கள்: போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்த மணிராஜ்; அக்கா வீட்டில் தங்கி வேலைக்கு வருபவன், நேற்று ராத்திரி பட்டறையிலேயே படுத்துக்கொண்டவன். பட்டறை முதலாளி ஞானசம்பந்தன்.

விக்கிரமசிங்கபுரத்தில், வீட்டில் இருந்தவர்கள்: மணிராஜின் அக்கா ஆறுமுகத்தாய். அவள் கணவர் பெருமாள்ராஜ். ரோசி என்ற நாய். மணிராஜ் கொண்டுவந்து வளர்ப்பது. சர்க்கரை நோய் கண்டு வேளாவேளைக்கு இன்சுலின் ஊசியில் ஓடுவது.

அடுத்த வீட்டு வாசலில், பந்தலுக்குக் கீழே இருந்தவர்: பெருமாள்ராஜின் பெரியப்பா பிச்சைக்கண்ணு. விடியுமுன் இறந்துபோனார். இன்னும் எடுக்கவில்லை.

மணிராஜ் பேசியது மட்டும் கீழே.

*

அலோ... அலோ, எக்கா... கேக்கலை, இரு, மெசின் ஓடுது... இந்தா, வெளிய வந்துட்டேன். இப்பம் சொல்லு.

...ஆமா... ஆமா, அத்தான் காலையிலயே போன் போட்டு சொல்லிட்டாவ. எடுக்கதுக்குள்ள வந்திருவேன்னு நானும் சொன்னேம்லா... இன்னும் எடுக்கலையா?... மூத்த மகன் திருப்பூர்லருந்து வரணுமா? வரட்டும். அதுக்கா போன் போட்ட?... மாலை நான் வாங்கியாரேன்... ஆளுயர மாலையா? எதுக்கு, பெரியப்பாவே நாலடிதான்... சரி, சரி, சிரிக்கலை. வாங்கியாரேன்.

...என்னது?

...ரோசிக்கா? ரோசிக்கு என்ன?... படுத்தே கெடக்காளா. இந்த வெயில்ல நாய் படுத்துத்தான்க்கா கெடக்கும்... எந்திச்சா ஆடுதாளா? எப்பிடி ஆடுதா?... குடிச்சவன் மாதிரி... பின்னங்காலு ரெண்டும் வெலகிப் போவுதா... சரி. கூப்பிட்டா பாக்காளா?... பாக்காளா இல்லையா, ஒண்ணு சொல்லு... கூப்பிட்டா ஒன்னையப் பாக்காம செவுத்தப் பாக்காளா.

எக்கா. காலையில ஊசி போட்டியா?... ஆறுதான?... காத்துக் குமிழி இல்லாம இழுத்தியா? குப்பியக் குலுக்கலைல்லா, உள்ளங்கையில வச்சுத்தான உருட்டுன?... சரி, சரி, கோவப்படாத. நீ என்னைய விட நல்லாப் போடுவ, தெரியும். கழுத்துத் தோலத் தூக்கித்தான போட்ட... சரி. அதெல்லாம் சரி.

சோறு என்ன வச்ச?

...

சோறுக்கா. ஊசிக்கு முன்ன என்னத்தத் தின்னா?

...ஒண்ணுமேவா?

...அடுப்பு பத்த வைக்கலையா.

...

பொணம் எடுக்காம உலை வைக்கக் கூடாது. தெரியும்க்கா. நானும் அந்த ஊருலதான் பொறந்தேன். நாய்க்குமா?... பழைய சோறு?... அதையும் கொட்டியாச்சா. கொழம்பையும் கொட்டியாச்சா. பங்காளி வீடு, தீட்டு, ஒரு பருக்கை இருக்கக் கூடாது. சரி. சோத்தக் கொட்டிட்டு அந்தக் கையோட ஊசியும் போட்டிருக்க.

...எடுத்த பொறவு வச்சிரலாம்னு நெனச்சியா... வெயிலுக்கு முன்ன எடுத்திருவாவன்னா? எக்கா, எந்தப் பொணத்த நம்மூருல சொன்ன நேரத்துக்கு எடுத்திருக்காவ?

...ஆமா, நாந்தான் சொன்னேன். ஊசிய ஒருநாளும் விடக்கூடாதுன்னு நாந்தான் சொன்னேன். தின்னாத்தான் ஊசி, திங்கலன்னா ஊசி கெடையாதுன்னும் நாந்தான் சொன்னேன். அது மட்டும் எப்பிடி காதுல விழாமப் போச்சு?... மருந்து வேற, சோறு வேறன்னு நெனச்சியா... அழாத. இப்பம் அழாத. அழுதுக்கிட்டே காரியம் பாக்க முடியாது. பொறவு அழுதுக்கோ, அங்கன அழுகதுக்கு எடமா இல்ல.

...அண்ணாச்சி, ஒரு நிமிசம். வீட்டுல கொஞ்சம்... இல்ல, ஆளுக்கு ஒண்ணுமில்ல. நாய்க்கி... ஆமா, அந்த ஊசி போடுத நாய்தான்... அந்தச் சாமான் கடைசல் முடிஞ்சிட்டு அண்ணாச்சி, தொளைதான் போடணும். போட்டுருதேன்... நீங்க சிரிச்சு முடிங்க, வந்து பேசுதேன்.

எக்கா, இருக்கியா? நல்லாக் கேளு. ஊசி உள்ள போயி சக்கரைய எறக்குது. சோறு தின்னிருந்தா அந்தச் சக்கரைய எறக்கும். இவ வயித்துல ஒண்ணுமில்ல. அதனால இருக்கதையும் எறக்கிட்டே போவுது. மயக்கம் இல்ல இது. தூக்கமும் இல்ல. நீ அத்தானோட மெசின எடு.

...சக்கர பாக்குத மெசின், வேற எது... திட்டுனா திட்டட்டும். நாய் ரத்தம் பட்ட மெசின்ல என் ரத்தத்த வைக்க மாட்டேன்னு அவிய சொல்லி எவ்வளவு நாளாச்சு, நம்ம வச்சுக்கிட்டுத்தான இருக்கோம். எடு... காதுமடல் ஓரத்துல குத்து. உள்பக்கம்... கத்துதாளா?... கத்தலையா. குத்துனாக் கூட கத்தலையா... சரி, பைய அமுக்கு. சொட்டு வந்தா போதும்... எவ்வளவு காட்டுது?

...மெசினத் தலைகீழாப் புடிச்சிருக்கியா, சரியாப் பாரு.

...நாப்பத்தி ரெண்டா.

எக்கா, இவளுக்கு எரநூறுக்குக் கீழ நான் பாத்ததே இல்ல.

சீனி எடுத்துட்டு வா... ஆமா. அத்தானுக்காவ சீனியே வாங்குததில்ல. ஆமா. பக்கத்து வீட்டுல... பக்கத்து வீட்டுல பொணம் கெடக்கு. சரி, கருப்பட்டி இருக்கும்லா?... அத்தான் காப்பிக்கி வச்சிருக்க கருப்பட்டி. கருப்பட்டி சக்கரைய ஒண்ணும் செய்யாதுன்னு தெனம் ரெண்டு வேள குடிக்காவள்ளா, அது... செய்யும்க்கா. நல்லாச் செய்யும். இன்னைக்கி செய்யணும்னுதான் கேக்கேன். ஒரு துண்டு ஒடச்சு, தண்ணி விட்டு நசுக்கு. கொழம்பு மாதிரி வரணும்.

போனக் கீழ வைக்காத, ஸ்பீக்கர்ல போட்டுட்டு நசுக்கு... நசுக்கிட்டியா? ஒதட்டத் தூக்கு. விரல்ல எடுத்து ஈறுல தேயி. பல்லுக்கு மேல... ஊத்தாத. ஊத்துனா நெஞ்சுக்குள்ள போயிரும், பொறவு அதுலயே போயிருவா. தேயி மட்டும்... இன்னும் எடுத்துத் தேயி... இன்னும்... முழுங்குதாளா?... முழுங்கலன்னாலும் தேயி.

யாரு அங்கன பேசுதது?... அத்தானா?... என்னவாம்?... குடு. எங்கிட்ட குடு.

அத்தான், நாந்தான்... ஆமா... ஆமா அத்தான், பெரிய இழப்புதான்... நல்ல மனுசன், யாரு இல்லன்னா... இல்ல, நான் மட்டு மருவாதி இல்லாம பேசலை. ஒரு நிமிசம் கேளுங்க... மில்லுல நைட் ஷிப்ட் வேலைய விட்டுட்டு வந்து என் வீட்டுல இருக்கவன் எனக்கு முறை சொல்லுதானான்னு கேக்குதிய. கேளுங்க. அதையும் சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுதேன். இப்பம் இத மட்டும் கேளுங்க.

அம்பை பஸ்ஸுல வேத்து ஊத்தி விழுந்தீயள்ளா, ஞாபகம் இருக்கா. விரதம்னு மாத்திரைய மட்டும் போட்டுட்டு வெறும் வயித்தோட போனீய. எவளோ ஒரு பொம்பள முட்டாயி குடுத்து எழுப்பி விட்டா... அதேதான். அதே எழவுதான் இவளுக்கும்... இல்ல, ஒங்களையும் நாயையும் ஒண்ணாச் சொல்லலை. நோயச் சொல்லுதேன்... நோயி ஒண்ணா இருந்தா நான் என்ன அத்தான் செய்ய.

...சரி, அடுப்பு வேண்டாம். நான் அடுப்பு கேக்கவே இல்ல. அடுத்த தெருவுல ஆட்டோ அசன் மைதீன் வீட்டுல அடுப்பு எரியும். ரெண்டு இட்லி வாங்கியாந்தா முழிப்பு வந்ததும் திங்கட்டும்... வீட்டுக்குள்ள கொண்டுவர வேண்டாம். வாசல்ல வச்சு... வாசல்லயும் கூடாதா. ஆமா, வாசல்லதான் ஊரே ஒக்காந்திருக்கு. சரி, கொல்லையில?... அதுவும் வீடுதானா.

அத்தான், தீட்டு நமக்கு. ரோசிக்கி என்ன தீட்டு? அவ என்ன ஒங்க பங்காளியா? பெரியப்பாவுக்கு அவளா மொட்டை போடப் போறா?

...சரி, வாய விட்டுட்டேன்... சரி அத்தான்... தப்புதான்... செத்த வீட்டுல நாய்க்கி எரை தேடுதாவன்னு நாலு பேரு சொல்லுவான், ஒங்களுக்கு அதுதான வருத்தம்?... இல்லங்கிய. சரி, இல்ல... அலோ?... அத்தான்?

எக்கா, குடுத்துட்டுப் போயிட்டாவளா? எங்க போறாவ?... நீர்மாலைக்கி ஆள் கூட்டுதாவளா. மூத்தவரு வந்துட்டாரா அப்போ?... ஒன்னையுமா கூப்பிடுதாவ?... ஆமா, வீட்டு மருமக ஆத்துக்குப் போயி தண்ணி எடுத்துட்டு வரலன்னா பொணத்தக் குளிப்பாட்ட மாட்டாவ. ஆத்துல தண்ணியும் போவுது, பொம்பளையளும் பத்து பேரு இருக்காவ, ஒன் கையால மோந்தாத்தான் தண்ணி... சரி, நான் பேசலை. ரோசியச் சொல்லு.

...நக்குதாளா?... வெரலயா நக்குதா?... நல்லது. நக்கட்டும். இன்னும் வைய்யி... தலையத் தூக்குதாளா. ஒன்னையப் பாக்காளா, செவுத்தப் பாக்காளா?... ஒன்னையத்தானா. சரி... சரிக்கா. அப்பாடா. மூக்கத் தொட்டுப் பாரு... சரி. இனி முழுங்க முடிஞ்சா அந்தக் கருப்பட்டித் தண்ணிய நக்க விடு. தட்டுல வைய்யி, அவளா நக்கட்டும். 

...இல்ல அண்ணாச்சி, தேறிட்டா போலுக்கு. வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்... மனுசனுக்கே ஊசி போட ஆளில்ல, ஆமா... நாய்க்கி போட ஆளிருக்கு, அதுக்கு நான் என்ன செய்ய. எங்கக்கா போடுதா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மொத நாளு ஊசியத் தன் வெரல்லயே குத்திக்கிட்டா. இப்பம் அவ வந்தா நாய் தானாக் கழுத்தக் காட்டுது...

எக்கா?

எக்கா, என்ன சத்தம் அது?

...இழுக்குதா? காலு நாலும் இழுக்குதா?... வாயில கைய விடாத. விடாதங்கேன். தெரிஞ்சு கடிக்க மாட்டா, தெரியாமக் கடிச்சிருவா. தலைக்கிப் பக்கத்துல அந்த அம்மிக் கல்லு கெடக்குல்லா, அதுல அடிபட்டிராம அவள இந்தப் பக்கம் இழு... புடிச்சு அமுக்காத. விடு. தானா நிக்கும்... நிக்குதா?... நிக்கலையா... பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு, அவகிட்ட இல்ல, எங்கிட்ட... நின்னுட்டா?... மூச்சு இருக்கா? விலாவப் பாரு... இருக்கு. சரி.

இனி கருப்பட்டிக்கு அடங்காதுக்கா. போட்ட ஊசி இன்னும் உள்ள வேல பாத்துக்கிட்டுத்தான் இருக்கும். நம்ம ஏத்த ஏத்த அது எறக்கும். நரம்புல குளுக்கோஸ் ஏத்தணும். அம்பைக்கிக் கொண்டு போ, டாக்டர் ஜெபசீலன்ட்ட. இவளுக்கு சக்கரன்னு கண்டு சொன்ன ஆளு, பாத்ததும் தெரிஞ்சுக்கிடுவாரு... நான் எப்பிடிக்கா வர? பேட்டையிலருந்து பஸ் புடிச்சு நான் வந்து சேருததுக்குள்ள ஒங்க பெரியப்பாவே சாம்பலாயிருப்பாரு. 

கட் பண்ணாத. இரு. அண்ணாச்சி, ஒங்க போன ஒரு நிமிசம் குடுங்க... ஒரே ஒரு கால்.

...அசனு, மணிராஜ் பேசுதேன். ஆட்டோ எங்கன நிக்கு?... சவாரி இருக்கா?... விட்டுட்டு வா. அம்பைக்கிப் போவணும். எங்க தெரு முக்குல நில்லு, உள்ள வராத, பந்தல் போட்டிருக்கு... ஆளு நடந்து வரும்... எங்கக்கா. நாயத் தூக்கிட்டு... ஆமாலே, சாவு வீடுதான். தெரியும். நீயும் ஆரம்பிக்காத. முக்குல நில்லு.

எக்கா, அசன் மைதீன் வந்துருதான். முக்கு வரைக்கும் தூக்கிட்டுப் போயிட்டா போதும், அவன் பாத்துக்கிடுவான்... எக்கா?... அத்தான் திரும்பி வந்துட்டாவளா. என்ன சொல்லுதாவ?

...ஆமா, பந்தலத் தாண்டித்தான் போவணும். வேற வழி இல்ல... பொணத்துக்கு முன்னால, ஊரு பூரா பாத்துக்கிட்டிருக்கையில, குடம் எடுக்க வேண்டியவ நாயத் தூக்கிட்டுப் போறதான்னு கேக்காவளா... கேக்கது நியாயந்தான். கேக்கட்டும். போனா என்னவாம்?

...

திரும்பி வந்தா கதவு தெறக்காதாமா.

...சும்மா சொல்லுதாவ. அத்தானுக்குக் கோவம் வந்தா ஆயிரம் சொல்லுவாவ... சும்மா இல்லையா... எப்பிடித் தெரியும்?... கத்தாமச் சொன்னாவளா.

...

எக்கா. நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு. விட்டுரு.

...ஆமா, நாந்தான் சொல்லுதேன். நாயிதான. வயசாச்சு, கண்ணும் பாதி தெரியாது. இன்னைக்கி இல்லன்னா இன்னொரு நாளு. செத்தா நான் வந்து கொல்லையில குழி தோண்டிப் பொதைக்கேன். நீ குடத்த எடுத்துக்கிட்டு ஆத்துக்குப் போ. அந்த வீட்டுல இருக்கப் போறது நீ. நான் நாளைக்கே ஒரு ரூம் பாத்துப் போயிருவேன், பேட்டையில கெடைக்கும். ஒனக்கு எங்க ரூமு? போ. மூஞ்சியக் கழுவிட்டுப் போ.

...என்ன?

...நீ போட்ட ஊசியா?... அதுக்குன்னு?... எக்கா, ஒன் கையால ஆச்சுன்னு யாரு சொன்னா? நான் சொன்னேனா?... கத்துனேன். கோவத்துல கத்துனது. அத ஏன் எடுத்து வச்சிக்கிடுத?... நீ அடுப்பு பத்த வைக்காதது அவிய வீட்டு முறைக்கி. அதுல ஒன் தப்பு என்ன இருக்கு... எக்கா, நான் பேசிக்கிட்டு இருக்கேன், நீ அங்கன என்ன செய்யுத?

...எந்தச் சேலையில சுத்துத அவள?... உடுத்திருக்க சேலை முந்தியிலயா?

...எந்திச்சிட்டியா.

போன அத்தான்ட்ட குடு... வாங்க மாட்டங்காவளா? ஸ்பீக்கர்லதான இருக்கு. அத்தான். அத்தான், நான் பேசுதது கேக்கா? அவள ஒண்ணும் சொல்லாதிய. நாந்தான் போவச் சொன்னேன். பழிய எம்மேல போடுங்க. வெளிய கேட்டா, கொழுந்தியா புருசனுக்கு... யாருக்காது ஆஸ்பத்திரின்னு எதையாவது சொல்லி வைங்க. அவ சாயங்காலம் வந்து குளிச்சிட்டு எல்லாம் செய்வா. அத்தான்?

...எக்கா, அத்தான் எங்கன நிக்காவ?... கதவுப் பக்கமா. மறிக்காவளா?... ஒதுங்கி நிக்காவளா.

...சரி. நீ முடிவு பண்ணிட்ட. சரி. இனி நான் வேண்டாங்கலை. ரெண்டு கையாலயும் தூக்கு. தலைய மேல வச்சுக்கோ, நாக்கு உள்ள மடிஞ்சிரக் கூடாது. போன இடுப்புல சொருகு, கட் பண்ணாத... கேக்கு, கேக்கு, நல்லாக் கேக்கு. மேளந்தான் காதப் பொளக்குது... படி பாத்து எறங்கு... எறங்கிட்டியா?

நேரா நட. ஆரு கேட்டாலும் நிக்காத. ஒண்ணும் சொல்லாத... கனக்காளா?... மூச்சு விடுதாளா?... விடுதாள்லா, போதும். நட.

...மேளம் ஏன் நின்னுட்டு?... ஒன்னையப் பாத்துட்டா?... எல்லாரும் பாக்காவளா. பாக்கட்டும்க்கா. நீ முக்கப் பாரு. ஆட்டோ நிக்கா?... நிக்குல்லா. அதப் பாத்து நட.

...எக்கா, பின்னால என்னமோ சத்தம் கேட்டுச்சே.

...கதவா?

...சும்மா சாத்துவாவளா இருக்கும். தெருவுல பொணம் கெடக்கையில எல்லா வீட்டுலயும்தான சாத்துவாவ. நீ நட...

...

இல்லக்கா. அது சாவி. சாவி திருவுத சத்தம், எனக்கே கேக்கு.